கைதிக்குக் கிடைத்த பட்டா: நியூ சவுத் வேல்ஸின் முதல் ஐம்பது ஆண்டுகள்

ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேச்சு வந்தால், இங்கிலாந்து தன் குற்றவாளிகளைக் கொண்டுபோய் இறக்கிய நாடு அது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய. கூடவே இன்னொரு வரியும் வரும்: அப்புறம் நல்ல குடும்பங்கள் சொந்தச் செலவில் கப்பலேறி வந்து நாட்டைச் சீராக்கின என்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கைதிகள் ஒரு கூட்டம், குடியேறியவர்கள் வேறொரு கூட்டம், இருவருக்கும் நடுவே ஆரம்பத்திலிருந்தே ஒரு சுவர் இருந்தது என்றுதான் தோன்றும். நடந்தது அப்படியில்லை. முதல் சில ஆண்டுகளில் அந்தச் சுவரே கிடையாது. நிலம் யாருக்கு, கூலியாள் யாருக்கு என்ற சண்டை முற்றிய பிறகுதான் அதைச் செங்கல் செங்கலாகக் கட்டினார்கள். அதைக் கட்டியவர்களும் சுவருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஒரே பக்கம் நின்றார்கள், அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களிடமிருந்து அதைப் பறித்ததில்.

எப்படி ஆரம்பித்தது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டன் சுமார் 50,000 கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு, பெரும்பாலும் வர்ஜீனியாவுக்கும் மேரிலாந்துக்கும், அனுப்பியிருந்தது. 1775-இல் அங்கே சுதந்திரப் போர் வெடித்ததும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. 1776 முதல் தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களை நிறுத்தி அவற்றில் கைதிகளை அடைத்தார்கள். 1770-இல் மாலுமி ஜேம்ஸ் குக்கோடு பயணம் செய்த ஜோசப் பேங்க்ஸ், தாவரவியலாளர், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், நியூ சவுத் வேல்ஸில் உள்ள பாட்டனி விரிகுடாவுக்குக் கைதிகளை அனுப்பலாம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் யோசனை சொன்னார். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பின. ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் வழியாக எட்டு மாதப் பயணம். பாட்டனி விரிகுடாவில் நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் போதாது என்று கண்டு, 1788 ஜனவரி 26 அன்று கொஞ்சம் வடக்கே 'சிட்னி கோவ்' என்ற சிறு விரிகுடாவில் கரையேறினார்கள். கைதிகள் எழுநூற்றுச் சொச்சம் பேர், அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் பெண். மீதிப் பேர் கடற்படைக் காவலர்கள், அதிகாரிகள், அவர்களுடைய குடும்பங்கள். சுதந்திரமான குடியேறி என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட முதல் சில குடும்பங்கள் 'பெலோனா' கப்பலில் வந்து இறங்கியது 1793 ஜனவரியில், அதாவது ஐந்து ஆண்டுகள் கழித்து. அந்த ஐந்து ஆண்டுகளும் அந்த ஊரை நடத்தியது யார் என்று யோசித்துப் பாருங்கள். மரம் வெட்டியது, செங்கல் சுட்டது, மீன் பிடித்தது, நோயாளியைப் பார்த்துக்கொண்டது, கணக்கு எழுதியது எல்லாம் கைதிகள். அவர்களை வேலை வாங்கிய கங்காணிகளும் கைதிகள்தான்.

முதல் கவர்னர் ஆர்தர் ஃபிலிப் எடுத்த ஒரு முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உணவுக் கிடங்கிலிருந்து கைதிக்கும் காவலருக்கும் ஒரே அளவு ரேஷன் என்றார் அவர். (பெண்களுக்கு மூன்றில் இரண்டு பங்குதான், அந்த அநியாயம் தனி.) காவல் படைத் தலைவர் ராபர்ட் ராஸுக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் பஞ்சம் அவ்வளவு கடுமையாக இருந்தது. 1789 டிசம்பரில் 'கார்டியன்' என்ற சரக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதிக் கெட்டது. 1790 மார்ச்சில் 'சிரியஸ்' கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தது. ரேஷனைக் குறைத்துக்கொண்டே போனார்கள். உணவு திருடியதற்காக 1788 பிப்ரவரியில் தாமஸ் பாரெட் என்ற கைதியைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் கிடங்கில் திருடிய ஆறு காவலர்களையும் தூக்கிலிட்டார்கள், யூனிஃபார்ம் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1789 ஆகஸ்டில் இரவு ரோந்துக்கு ஆள் வேண்டும் என்றபோது ஃபிலிப் நம்பியது பன்னிரண்டு கைதிகளை. அவர்கள் ஒரு காவலரையே பிடித்து நிறுத்தியபோது ராஸ் கொதித்துப் போனார், ஃபிலிப் அந்த அதிகாரத்தை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் ரோந்து தொடர்ந்தது.

நீதிமன்றத்திலும் இதே கதைதான். ஹென்றி கேபிள், சுசன்னா ஹோம்ஸ் இருவரும் நார்விச் சிறையில் சந்தித்துக் குழந்தை பெற்றவர்கள். இருவருக்கும் மரண தண்டனை விதித்து, பிறகு நாடு கடத்தலாகக் குறைத்திருந்தார்கள். கப்பலேற்றும் நேரத்தில் தாயையும் குழந்தையையும் பிரித்துவிட, சிறைக் காவலர் ஒருவர் அந்தக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கே போய் அமைச்சர் லார்ட் சிட்னியிடம் முறையிட்டுக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தார். செய்தி பரவி, பொதுமக்கள் நன்கொடை போட்டு அவர்களுக்கு ஒரு மூட்டைச் சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். சிட்னியில் இறங்கிப் பார்த்தால் மூட்டையில் சில புத்தகங்கள் தவிர மற்றதைக் காணோம். 'அலெக்சாண்டர்' கப்பலின் கேப்டன்மேல் இருவரும் வழக்குப் போட்டார்கள். மரண தண்டனை பெற்ற குற்றவாளி சட்டப்படி செத்தவருக்குச் சமம், அவருக்குச் சொத்தும் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை என்பதுதான் அன்றைய இங்கிலாந்துச் சட்டம். 1788 ஜூலையில் சிட்னி நீதிமன்றம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேப்டன் 15 பவுண்டு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் குடியேற்றத்தின் முதல் சிவில் வழக்கு இது, ஜெயித்தது இரண்டு கைதிகள். சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கே ஊரே நடந்திருக்காது. கேபிள் பிறகு போலீஸ் வேலை பார்த்து, கப்பல் வியாபாரத்தில் இறங்கிப் பெரும் பணக்காரரானார்.

அடுத்தது நிலம். தண்டனை முடிந்த கைதிக்கு 30 ஏக்கர், மனைவி இருந்தால் இன்னும் 20, ஒவ்வொரு குழந்தைக்கும் 10 ஏக்கர் என்பது ஃபிலிப்புக்கு லண்டன் கொடுத்திருந்த உத்தரவு. 1789 நவம்பரில், கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதியைப் பாரமட்டாவில் ஒரு துண்டு நிலத்தில் உட்காரவைத்தார் ஃபிலிப். ஒரு மனிதன் தன் கையால் அங்கே பயிர் செய்து பிழைக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை அது. ரூஸ் நிலத்தைக் கொத்தி, மரத்தை எரித்துச் சாம்பலைப் போட்டு, கோதுமையும் மக்காச்சோளமும் விளைவித்தார். 1791 தொடக்கத்தில் இனி எனக்கு அரசு ரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1792-இல் 30 ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. நியூ சவுத் வேல்ஸில் பதிவான முதல் நிலப் பட்டா ஒரு கைதியின் பெயரில் இருக்கிறது.

இதே காலத்தில் கடலில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஃபிலிப்பின் ஊரில் இருந்த இந்த நெகிழ்வைப் பார்த்துவிட்டு நாடு கடத்தலே மென்மையான ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. 1790-இல் வந்த இரண்டாம் கப்பல் கூட்டத்தை அடிமை வியாபாரம் செய்து பழகிய ஒரு லண்டன் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. எத்தனை பேரை ஏற்றினாய் என்பதற்குத்தான் காசு, எத்தனை பேரை உயிரோடு இறக்கினாய் என்பதற்கு இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வழியிலேயே செத்தார்கள். 'நெப்டியூன்' கப்பலில் மட்டும் சுமார் 150 பேர். விலங்கு மாட்டி, பட்டினி போட்டுக் கொண்டுவந்தார்கள். பிறகு ஒப்பந்தத்தை மாற்றி, உயிரோடு இறங்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்த பிறகு சாவு குறைந்தது.

1792 டிசம்பரில் ஃபிலிப் இங்கிலாந்துக்குத் திரும்பினார். பொறுப்பை எடுத்துக்கொண்ட ராணுவ அதிகாரி பிரான்சிஸ் குரோஸ், தன் சக அதிகாரிகளுக்கு நூறு நூறு ஏக்கராக நிலத்தை வாரிக் கொடுத்தார். உழைக்கக் கைதிகளையும் கொடுத்தார், அந்தக் கைதிகளுக்குச் சோறு அரசுச் செலவில். வரும் கப்பல்களின் சரக்கை மொத்தமாக அதிகாரிகளே வாங்கி விற்றார்கள். ரம் சாராயம் பணமாகவே புழங்கியது, கூலியையே அதில் கொடுத்தார்கள். முப்பது ஏக்கர் கைதி விவசாயிகள் பலர் கடனில் மூழ்கி நிலத்தை இழந்தது இப்படித்தான். ரூஸே 1793-இல் தன் நிலத்தை 40 பவுண்டுக்கு ஒரு படை மருத்துவரிடம் விற்றுவிட்டார். அதிகாரிகளில் மிகச் சாமர்த்தியசாலி ஜான் மக்கார்தர். மெரினோ ஆடுகளை வாங்கி வளர்த்து, இந்த நாட்டின் எதிர்காலம் கோதுமையில் இல்லை, கம்பளியில் இருக்கிறது என்று கணக்குப் போட்டவர். சாராய வியாபாரத்தை ஒடுக்கப் பார்த்த கவர்னர் வில்லியம் பிளைக்கும் இவருக்கும் மோதல் முற்றி, 1808 ஜனவரி 26 அன்று படையினரே கவர்னரைக் கைது செய்துவிட்டார்கள். கைதிகளின் நாடு என்று சொல்கிறோமே, அங்கே அரசையே கவிழ்த்தது கைதிகள் இல்லை, அவர்களைக் காவல் காக்க வந்த படை. அயர்லாந்துக் கைதிகள் 1804 மார்ச்சில் காசில் ஹில்லில் கிளர்ந்தபோது அவர்களை அதே படை சுட்டுத் தள்ளி, தலைவர் பிலிப் கன்னிங்ஹாமை விசாரணையே இல்லாமல் தூக்கிலிட்டிருந்தது. கவர்னரைக் கவிழ்த்ததற்காக ஒருவரும் தூக்குமேடை ஏறவில்லை.

1810-இல் வந்த லாக்லன் மக்குவாரி மறுபடி கதவைத் திறந்தார். தண்டனை முடித்தவன் மற்ற எல்லோருக்கும் சமம் என்பது அவர் கொள்கை. முன்னாள் கைதியான ஆண்ட்ரூ தாம்ப்சனை மேஜிஸ்திரேட்டாக நியமித்தார். கடற்படைக் கலகத்தில் தண்டனை பெற்ற வில்லியம் ரெட்ஃபெர்ன் ஊரின் பெயர்பெற்ற டாக்டரானார். பத்திரத்தில் மோசடி செய்து நாடு கடத்தப்பட்ட பிரான்சிஸ் கிரீன்வேதான் அரசுக் கட்டடங்களை வரைந்தார். பதின்மூன்று வயதில் குதிரை திருடியதாகப் பிடிபட்ட மேரி ரெய்பி, கணவர் இறந்தபின் ஏழு குழந்தைகளோடு கப்பல், கிடங்கு வியாபாரத்தைத் தனியாக நடத்திச் செல்வந்தரானார். நாணயத் தட்டுப்பாட்டைத் தீர்த்த கதையும் இதே மாதிரிதான், அதில் நம் ஊரும் வருகிறது. 1812 நவம்பரில் மதராஸிலிருந்து 'சமராங்' கப்பலில் 40,000 ஸ்பானிஷ் வெள்ளி டாலர்கள் சிட்னி வந்து சேர்ந்தன. அப்படியே புழக்கத்தில் விட்டால் அடுத்த கப்பலிலேயே வெளியே போய்விடும் என்று தெரிந்து, ஒவ்வொரு நாணயத்தின் நடுவிலும் ஓட்டை போட்டு வளையத்தை ஒரு காசாகவும் வெட்டியெடுத்த வில்லையை இன்னொரு காசாகவும் ஆக்கினார் மக்குவாரி. அந்த வேலையைச் செய்த வில்லியம் ஹென்ஷால் நாணய மோசடி வழக்கில் நாடு கடத்தப்பட்டவர். கைத்தொழில் தெரிந்தவர் அவர், வேலையைக் கொடுத்தார்கள், செய்தார்.

இதை எதிர்த்தவர்கள் யார்? சொந்த விருப்பத்தில் வந்த நிலச்சுவான்தார்கள், அதிகாரிகள், பாதிரியார்கள். சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார், கசையடித் தீர்ப்புகளுக்குப் பேர்போன மேஜிஸ்திரேட்டும்கூட, முன்னாள் கைதிகளோடு ஒரே குழுவில் உட்கார மாட்டேன் என்றார். ராணுவ அதிகாரிகள் கவர்னரின் விருந்தில் அவர்களோடு சாப்பிட மறுத்தார்கள். நீதிபதி ஜெஃப்ரி பென்ட் 1815-இல் முன்னாள் கைதி வக்கீல்களைத் தன் கோர்ட்டில் அனுமதிக்க முடியாது என்று கோர்ட்டையே மூடிவைத்தார். 1819-இல் லண்டன் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கவர்னர் கொடுத்த மன்னிப்பு மட்டும் போதாது, அதை வைத்துச் சொத்து வழக்குப் போட முடியாது என்று சொன்னது. ஒரே தீர்ப்பில் காலனியின் பாதிச் சொத்துகள் ஆட்டம் கண்டன. முன்னாள் கைதிகள் திரண்டு மனு எழுதி லண்டனுக்கு ஆள் அனுப்பிப் போராடிய பிறகுதான் நாடாளுமன்றம் அதைச் சரிசெய்தது. ஒழுக்கம், மானம், மரியாதை என்றெல்லாம் எதிர்த்தவர்கள் பேசியதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, அதே 1819-இல் காலனியைப் பற்றி விசாரிக்க லண்டனிலிருந்து வந்த ஜான் பிக் என்ற அதிகாரியிடம் மக்கார்தர் சொன்ன யோசனையைப் பார்த்தால் போதும்: குறைந்தது 10,000 ஏக்கர் கொண்ட பெரும் பண்ணைகள், அவற்றில் கைதிகள் கூலியாட்கள். முப்பது ஏக்கர் வாங்கித் தனியாக விவசாயம் செய்யும் முன்னாள் கைதி அவர்களுக்கு வேண்டாதவர், ஏனென்றால் அவர் ஆடு மேய்க்க வர மாட்டார். பிக்கின் அறிக்கை கிட்டத்தட்ட அந்த வழியிலேயே போனது. லண்டனுக்கும் நாடு கடத்தல் என்றால் மக்கள் நடுங்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததால் இரண்டும் பொருந்திப்போயின.

1820-களிலும் 30-களிலும் வந்து இறங்கும் கைதிகளில் பெரும்பான்மையோரைத் தனியார் பண்ணைகளுக்கு ஒதுக்கினார்கள். சம்பளம் கிடையாது, சோறும் துணியும் உண்டு. பண்ணைக்காரர் தானே அடிக்கக் கூடாது, மேஜிஸ்திரேட்டிடம் அனுப்பித்தான் கசையடி வாங்கித் தர வேண்டும் என்பது விதி. ஆனால் மேஜிஸ்திரேட் பக்கத்துப் பண்ணைக்காரர், நாளைக்கு அவருடைய ஆள் இவரிடம் வருவார். நன்றாக நடந்தால் சில ஆண்டுகளில் அனுமதிச் சீட்டு, அதை வைத்துக்கொண்டு அதே மாவட்டத்தில் சொந்தமாக வேலை தேடலாம், பிறகு மன்னிப்பு. நல்ல எஜமான் வாய்த்தால் பிழைத்தார்கள். வாய்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹன்டர் பள்ளத்தாக்கின் காசில் ஃபோர்ப்ஸ் பண்ணை சாட்சி. 1833-இல் ஜேம்ஸ் மூடி என்பவரின் அந்தப் பண்ணையில் அடியும் மோசமான சாப்பாடும் பொறுக்காமல் சிலர் ஆயுதத்தோடு கிளம்பினார்கள், ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு மேஜிஸ்திரேட் தனியாக 50 கசையடிக்கு மேல் விதிக்கக் கூடாது என்று கவர்னர் ரிச்சர்ட் பர்க் அதற்கு முந்தைய ஆண்டு கொண்டுவந்த சட்டத்தைத்தான், இந்தக் கலவரத்துக்குக் காரணம் என்று அந்த வட்டாரப் பண்ணைக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கைதிகளின் பக்கம் நியாயம் இருப்பதாக மட்டும் படும். ரூஸ் கொத்திய மண்ணுக்கு அதற்கு முன் ஆட்கள் இருந்தார்கள். பாரமட்டா, ஹாக்ஸ்பரி பகுதிகள் தாருக் மக்களுடையவை. சிட்னி துறைமுகத்தைச் சுற்றி இயோரா மக்கள். கப்பல்கள் வந்த அடுத்த ஆண்டே, 1789-இல், அவர்களிடையே பெரியம்மை பரவியது. அந்தப் பகுதி மக்களில் பாதிப் பேர் செத்துப்போனதாக, அவர்களில் ஒருவரான பென்னலாங் சொன்னார் என்று ஃபிலிப் எழுதியிருக்கிறார். 1794-இல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் முன்னாள் கைதிகள், ரூஸும் அவர்களில் ஒருவர். ஆற்றங்கரை வண்டலில்தான் தாருக் மக்கள் தோண்டிச் சாப்பிட்ட காட்டு வள்ளிக்கிழங்கு விளைந்தது. அதைக் கொத்தி எறிந்துவிட்டு மக்காச்சோளம் போட்டார்கள். கிழங்கு போனபின் பசியில் அந்தச் சோளத்தை எடுத்தவர்களைத் திருடர்கள் என்று சுட்டார்கள். ரொட்டி திருடியதற்கும் துணி திருடியதற்கும் கடல் கடந்து எறியப்பட்டவர்களே அந்தத் துப்பாக்கியைப் பிடித்தார்கள் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. 1799-இல் இரண்டு பழங்குடிச் சிறுவர்களைக் கொன்றதற்காக ஹாக்ஸ்பரிக் குடியேறிகள் ஐந்து பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. ஆனால் தண்டனை விதிக்காமல் லண்டனிடம் கேட்டது, லண்டன் மன்னித்துவிட்டது. எதிர்த்துப் போரிட்ட பிட்ஜிகல் பழங்குடித் தலைவர் பெமுல்வுய் 1802-இல் சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். முன்னாள் கைதிகளுக்குச் சமமான இருக்கை கொடுத்த அதே மக்குவாரி 1816-இல் படை அனுப்பினார், கொல்லப்பட்ட ஆண்களின் உடல்களை மற்றவர்கள் பயப்படும்படி மரங்களில் தொங்கவிட வேண்டும் என்ற உத்தரவோடு. அப்பின் என்ற இடத்தில் இரவோடு இரவாகக் குறைந்தது 14 பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. மக்குவாரி நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு நான் போகவில்லை. சமத்துவம் யார் யாருக்கு என்று அவர் வைத்திருந்த எல்லை இதில் தெரிகிறது.

1828 கணக்கெடுப்பில் காலனியின் மக்கள்தொகை 36,500-க்குச் சற்று மேல். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கைதிகளும் முன்னாள் கைதிகளும். பழங்குடி மக்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1831-இல் இலவச நிலத்தை நிறுத்தி, ஏக்கர் குறைந்தது 5 ஷில்லிங் என்று விற்க ஆரம்பித்தார்கள். அந்தப் பணத்தில் இங்கிலாந்து, அயர்லாந்து ஏழைகளுக்குக் கப்பல் கட்டணம் கட்டி அழைத்துவந்தார்கள். கூலிக்கு வேறு ஆள் கிடைத்ததும் கைதிகளின் தேவை குறைந்தது. வந்தவர்களுக்கோ, சம்பளமில்லாத கைதி தங்கள் கூலியைக் கெடுக்கிறான் என்ற கோபம். நாடு கடத்தல் ஏறக்குறைய அடிமை முறை என்று 1838-இல் நாடாளுமன்றக் குழு சொன்னது, 1840-இல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது நின்றது. டாஸ்மேனியாவுக்கு 1853 வரையும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1868 வரையும் போனார்கள். மொத்தம் சுமார் 1,62,000 பேர்.

அந்த 1838-இல் நடந்த மயால் க்ரீக் வழக்கில் நான் சொல்லவந்த எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது. ஜூன் 10 அன்று, வடக்கே ஒரு மாட்டுப் பண்ணையில் நிம்மதியாகத் தங்கியிருந்த விராயராய் பழங்குடி மக்களில் குறைந்தது 28 பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்களை, பன்னிரண்டு குதிரைக்காரர்கள் கட்டி இழுத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள். பதினொருவர் கைதிகள் அல்லது முன்னாள் கைதிகள். பன்னிரண்டாமவர், அவர்களை நடத்திச் சென்றவர், ஜான் ஃபிளெமிங், அந்த நாட்டிலேயே சுதந்திரமாகப் பிறந்த குடியேறிக் குடும்பத்துப் பிள்ளை. பண்ணை மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் விஷயத்தை மேலே எழுதினார். கண்ணால் பார்த்ததை நீதிமன்றத்தில் சொன்னவர் ஜார்ஜ் ஆண்டர்சன், அந்தப் பண்ணைக் குடிசையைப் பார்த்துக்கொண்ட ஒரு கைதி. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது. முதல் விசாரணையில் ஜூரி கால் மணி நேரத்தில் எல்லோரையும் விடுவித்தது. பண்ணைக்காரர்கள் பணம் திரட்டி வக்கீல் வைத்திருந்தார்கள். கவர்னர் கிப்ஸின் ஆட்சியில் அரசு வழக்கறிஞர் விடாமல் ஏழு பேரை வேறொரு கொலைக்காக மறுபடி நிறுத்தினார், டிசம்பரில் ஏழு பேரையும் தூக்கிலிட்டார்கள். ஏழு பேரும் கைதிகளாக வந்தவர்கள். ஃபிளெமிங் தப்பிப் போனார், பிடிபடவே இல்லை. பின்னாளில் ஹாக்ஸ்பரிப் பக்கம் மதிப்பான விவசாயியாகத் தேவாலயப் பொறுப்புகளோடு வாழ்ந்து, 1894-இல் இறந்தார். மீதி நால்வரை அடுத்த ஆண்டு விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு எதிராகப் பேசக்கூடிய சாட்சி டேவி என்ற பழங்குடி இளைஞர், கிறிஸ்தவ முறையில் சத்தியப் பிரமாணம் எடுக்கத் தெரியாதவர் என்பதால் அவர் சாட்சியம் செல்லாது. பழங்குடி மக்களின் சாட்சியத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்று நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தைத் திருத்தியது 1876-இல்.